உப்புக்கண்டம்: சொல் எங்கிருந்து வந்தது, பொருள் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புக்கண்டம் என்ற சொல்லைப் பாட்டி வாயில் கேட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் வரும் 'கண்டம்' என்ன என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். அரிந்த இறைச்சிக்குத் தமிழில் வழங்கிய பழைய சொற்களில் இன்றும் அடுப்படியில் புழங்குவது இது ஒன்றுதான் என்று சொல்லலாம். இதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

உப்புக்கண்டம் என்றால் சரியாக என்ன?

எலும்பில்லாத இறைச்சியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் காயவைத்து எடுப்பது. பெரும்பாலும் ஆட்டுக்கறி. சில வீடுகளில் மாட்டுக்கறியிலும் போடுவார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் கிடா வெட்டு முடிந்ததும் வீட்டில் மிஞ்சிய கறியை என்ன செய்வது? ஊருக்கும் உறவுக்கும் கொடுத்தது போக இருப்பதை உப்புக்கண்டம் போடுவார்கள். மழைக்காலத்திலும் கறி கிடைக்காத நாட்களிலும் அது கைகொடுக்கும்.

'கண்டம்' என்றால் துண்டு என்றா பொருள்?

ஆமாம். வெட்டப்பட்ட துண்டு, கூறு. 'கண்டந்துண்டமாக வெட்டினான்' என்கிறோமே, அதே கண்டம்தான். ஆசியக் கண்டம், ஆப்பிரிக்கக் கண்டம் என்பதும் இதே சொல். நிலப்பரப்பின் பெரிய கூறு அது, இது இறைச்சியின் சிறிய கூறு.

வடமொழியிலும் இந்தச் சொல் உண்டு. தமிழுக்கு அங்கிருந்து வந்தது என்பதே பெரும்பாலான அகராதிகள் சொல்வது. ஆனால் வடமொழிச் சொல்லுக்கே ஐரோப்பிய மொழிகளில் உறுதியான உறவு காட்டப்படவில்லை. அதனால் அதன் வேர் திராவிட மொழியிலோ முண்டா மொழியிலோ இருக்கலாம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. தெலுங்கில் 'கண்ட' என்றால் சதை. கன்னடத்தில் அதே சொல்லுக்கு எலும்பில்லாத கறி என்று பொருள். மலையாளத்தில் 'கண்டம்' துண்டையும் குறிக்கும், வயலையும் குறிக்கும். இந்த வயல் பொருளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

அப்படியானால் 'கண்டித்தல்', 'அகண்ட' எல்லாம்?

எல்லாம் ஒரே குடும்பம். கண்டித்தல் என்றால் முதலில் வெட்டுதல், அப்புறம் ஒருவர் வாதத்தை வெட்டிப் பேசுதல், அதன் பிறகு கடிந்து சொல்லுதல். கண்டனக் கூட்டம் என்று சுவரொட்டி ஒட்டும்போது நாம் இந்த வேரைத்தான் எடுத்தாள்கிறோம். துண்டுபடாதது 'அகண்டம்'. திருச்சிக்கு மேற்கே, முக்கொம்பில் பிரிவதற்கு முன் ஒரே பரப்பாக விரிந்து வரும் ஆற்றை அகண்ட காவிரி என்கிறோம். கரையில் நின்று பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று புரியும்.

'தண்ணியில கண்டம்', 'நீலகண்டன்', 'கண்டங்கத்தரி' இவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இல்லை. தமிழ் எழுத்தில் ககரத்துக்கும் டகரத்துக்கும் வேறுவேறு ஒலி காட்ட எழுத்துகள் இல்லாததால் நான்கு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்கின்றன. சோதிடர் சொல்லும் கண்டம் ஆபத்து. நீலகண்டனில் உள்ளது கழுத்து. கண்டங்கத்தரியில் உள்ளது முள். கறியில் உள்ளது துண்டு. இலங்கையின் கண்டி நகரத்தையும் சிலர் இதோடு சேர்க்கிறார்கள். அது சிங்களத்தில் மலையைக் குறிக்கும் 'கந்த' என்ற சொல்லிலிருந்து வந்தது.

கற்கண்டு?

அது உறவுதான். வடமொழியில் துண்டைக் குறித்த சொல் கட்டிச் சர்க்கரையையும் குறித்தது. பாரசீகத்திலும் அரபியிலும் 'கந்த்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்க் 'கேண்டி' ஆனது. பிள்ளைகள் வாங்கித் தின்னும் மிட்டாயும் பாட்டி பானையில் வைத்திருந்த காய்ந்த கறியும் பெயரளவில் ஒன்றுவிட்ட உறவு.

கண்டம் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன் தமிழில் இதற்கு என்ன பெயர்?

இந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல ஆசை. சங்கப் பாடல்களில் இரண்டு அருமையான சொற்கள் கிடைக்கின்றன: குறை, தடி.

'குறை' என்றதும் இன்று நமக்குப் புகாரும் பற்றாக்குறையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் குறைத்தல் என்றால் வெட்டுதல், அறுத்தல். தலை வெட்டுண்ட உடலைக் 'குறைத்தலைப் பிணம்' என்று பழைய நூல்கள் சொல்வது இந்தப் பொருளில்தான். வெட்டினால் அளவு சிறுத்துவிடும் இல்லையா, அதிலிருந்துதான் இன்றைய பொருள் வந்தது. ஆக, வெட்டி எடுத்த இறைச்சித் துண்டு குறை. கொழுப்புள்ள நல்ல துண்டு கொழுங்குறை.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தைப் பொருநன் என்னும் கலைஞன் ஒருவன் வருணிக்கிறான். முடத்தாமக் கண்ணியார் பாடியது. 'காழின் சுட்ட கோழ்ஊன் கொழுங்குறை ஊழின் ஊழின் வாய்வெய்து ஒற்றி' என்கிறான். காழ் என்பது இரும்புக் கம்பி. அதில் கோத்துச் சுட்ட கொழுத்த துண்டுகள். சூடு தாங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒற்றித் தின்கிறார்கள். சுடச்சுடக் கறி தின்ற எவருக்கும் இந்த 'ஊழின் ஊழின்' புரியும். இப்படியே இரவும் பகலும் தின்று, கொல்லையை உழுத கொழு தேய்ந்ததுபோலப் பல் மழுங்கிவிட்டதாம். கலப்பையின் கொழுவைப் பல்லுக்குச் சொன்ன அந்தக் கற்பனை அபாரம்.

எனக்கு அதைவிடப் பிடித்த இடம் புறநானூற்றின் 150ஆம் பாட்டு. வன்பரணர் காட்டுவழியில் பசியோடும் கந்தலோடும் ஒரு பலாமரத்தடியில் சாய்ந்திருக்கிறார். மான்களை வேட்டையாடிவிட்டுக் காலில் குருதி படிந்த கழலோடு ஒருவன் வருகிறான். எழுந்து வணங்கப் போன புலவரைக் கையமர்த்தி உட்கார வைக்கிறான். கூட வந்த இளையவர்கள் காட்டில் வழி தவறிவிட்டார்கள். அவர்கள் வந்து சேரட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. தானே தீக்கடைந்து, 'இழுதின் அன்ன வால்நிணக் கொழுங்குறை'யைச் சுட்டு, உன் சுற்றத்தோடு தின்னுங்கள் என்று கொடுக்கிறான். இழுது என்றால் நெய், வெண்ணெய். வெண்ணெய்போல வெள்ளைக் கொழுப்பு படர்ந்த துண்டு. அமிழ்துபோல உண்டோம் என்கிறார் புலவர். போகும்போது மார்பில் இருந்த ஆரத்தையும் கையில் இருந்த கடகத்தையும் கழற்றிக் கொடுத்தவன் ஊரையும் சொல்லவில்லை, பெயரையும் சொல்லவில்லை. அவன் தோட்டி மலைக்குரிய நள்ளி என்று வழியில் மற்றவர்கள் சொல்லித்தான் புலவருக்குத் தெரிந்தது. கொடுத்தவன் பெயர் தெரியாமல் தின்ற ஒரு கறித்துண்டுக்கு இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் கிடைத்திருக்கிறது.

'தடி' என்றால் கம்பு இல்லையா?

கம்புதான், கூடவே இறைச்சித் துண்டும்தான். தடிதல் என்றால் வெட்டுதல். சூரனாகிய மாமரத்தைத் தடிந்தவன் முருகன். மரத்தில் தடிந்தது கைத்தடி, விலங்கில் தடிந்தது ஊன்தடி. நிலத்தை வரப்பு போட்டுப் பிரித்தால் அந்தப் பாத்தியும் தடிதான். மலையாளத்துக் கண்டம் வயலையும் குறிக்கிறது என்று மேலே சொன்னேனே, அங்கே நடந்ததும் இதேதான். கூறுபோட்டது எதுவானாலும் ஒரே பெயர்.

புறநானூறு 14இல் கபிலர் இந்தச் சொல்லை எடுத்தாள்கிறார். சேர அரசன் செல்வக் கடுங்கோ வாழியாதன் அவர் கையைப் பிடித்துப் பார்த்து, உங்கள் கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்கிறான். உன் கை யானையை அடக்கியது, வில்லை வளைத்தது, அதனால் வன்மையானது. உன்னைப் பாடுகிறவர்களோ 'புலவு நாற்றத்த பைந்தடி'யைப் பூமணக்கும் புகையில் வாட்டி, துவையலும் கறியும் சோறுமாக உண்பதைத் தவிர வேறு வேலை அறியாதவர்கள், அவர்கள் கை மெல்லியதாகத்தானே இருக்கும் என்று பதில் சொல்கிறார். பைந்தடி என்பது பச்சைக்கறித் துண்டு. அரசனைப் புகழவும் வேண்டும், தன் கை மென்மைக்குக் காரணமும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரு கறித்துண்டை வைத்து முடித்துவிட்டார்.

காயவைத்த கறி சங்க காலத்தில் இருந்ததா?

இருந்தது. பெயர் 'வாடூன்'. வாடிய ஊன். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்னும் வேட்டுவர் குடியிருப்புக்குப் போகும் பாணர்களுக்குக் கிடைக்கும் உணவைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்கிறார். வறண்ட நிலம். அந்த வீட்டுப் பெண்களாகிய எயிற்றியர் புல்லரிசியைத் தேடி எடுத்து, நில உரலில் குற்றி, கிணற்றில் ஊறிய உவர்நீரை முகந்து, வாய் உடைந்த பானையை முரிந்த அடுப்பில் ஏற்றுகிறார்கள். அதில் ஆகும் சோறு 'வாராது அட்ட வாடூன் புழுக்கல்'. அதைத் தேக்கிலையில் குவித்துக் கொடுக்கிறார்கள். பானையும் அடுப்பும் உடைந்திருந்தாலும் விருந்துக்குக் குறைவில்லை.

புறநானூற்றில் 'வாடூன் கொழுங்குறை' என்று இரண்டு சொல்லும் சேர்ந்தே வரும் இடமும் உண்டு. அரிசியோடு நெய்விட்டுச் சமைத்தது. உப்புக்கண்டம் என்ற பெயர் பிற்காலத்தது, பண்டம் அப்போதே இருந்தது. கண்டம் வடசொல் என்பதால் இந்த உணவும் வெளியிலிருந்து வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். வாடூன் கொழுங்குறை என்ற தொடர் ஒன்றே அதற்குப் போதுமான மறுப்பு.

கருவாட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மீன் என்றால் கருவாடு, விலங்கின் கறி என்றால் உப்புக்கண்டம். கருவாட்டில் உள்ள 'வாடு'ம் வாடூனில் உள்ள 'வாடு'ம் ஒன்றே. காய்ந்ததற்கு 'உணங்கல்' என்ற சொல்லும் இருந்தது. அகநானூறு 20இல் நெய்தல் நிலத்துப் பெண், தந்தை கடலிலிருந்து கொண்டுவந்த கொழுமீனை உலர்த்தி, அதில் வந்து விழும் பறவைகளை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். மொட்டைமாடியில் குச்சியோடு காக்கை விரட்டிய பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

கறி, இறைச்சி, புலால் என்ற சொற்கள் எந்தக் காலத்தவை?

சுருக்கமாகச் சொல்கிறேன். சங்க இலக்கியத்தில் கறி பெரும்பாலும் மிளகு. இறைச்சி என்பதைத் தொல்காப்பியம் பாட்டில் மறைந்து நிற்கும் உட்பொருளுக்கு ஆள்கிறது. புலால், புலவு இரண்டும் நாற்றத்தோடு சேர்ந்தவை. ஊன் மட்டும் பொதுச்சொல்.

கைமா, சாப்ஸ், கட்லெட் இவையும் 'வெட்டிய துண்டு' என்ற பொருள்தானா?

கைமா துருக்கி மொழியில் பொடியாகக் கொத்துவதைக் குறிக்கும் வினையிலிருந்து, பாரசீகம், உருது வழியாக வந்தது. நம் கொத்துக்கறிக்கு நேர்ப்பொருள். சாப்ஸும் ஆங்கிலத்தில் வெட்டுதலே. கட்லெட் மட்டும் ஏமாற்றும். அதில் 'கட்' இருப்பதுபோலத் தெரிந்தாலும், பிரெஞ்சில் விலா எலும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது.

உப்புக்கண்டம் எப்படிப் போடுவது?

கடையில் தனிக்கறி என்று கேட்டு வாங்குங்கள். தொடைப்பகுதி நல்லது. கொழுப்பையும் ஜவ்வையும் முழுதாக வழித்து எடுத்துவிட வேண்டும். சதை காயும், கொழுப்பு காயாது, நாளாக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். அப்புறம் கறியின் நரம்பு ஓடும் திசையிலேயே விரல் கனத்தில் நாடாவாக அரியுங்கள். குறுக்கே அரிந்தால் தொங்கவிடும்போது அறுந்து விழும்.

கல் உப்பு, மஞ்சள், காய்ந்த மிளகாய், பூண்டு, கொஞ்சம் சீரகம். அம்மியில் அரைத்தால் நல்லது. உப்பு குழம்புக்குப் போடுவதைவிட இரண்டு மூன்று மடங்கு. தண்ணீர் சேர்க்காமல் பிசிறி ஓர் இரவு மூடி வைத்தால், காலையில் பாத்திரத்தின் அடியில் இளஞ்சிவப்பாக நீர் தேங்கியிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, கோணி ஊசியில் சணலைக் கோத்து ஒவ்வொரு நாடாவின் முனையிலும் குத்தி மாலையாகக் கட்டுங்கள். ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்ட இடம் ஈரமாகவே நின்று அங்கிருந்துதான் கெடத் தொடங்கும்.

நல்ல வெயிலில் கொடியில் கட்டி, மேலே மெல்லிய துணியோ வலையோ போட வேண்டும். காக்கை ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம், ஈ இன்னொரு பக்கம். பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள், பனி பட்டால் பகலில் காய்ந்தது வீண். விறகடுப்பு இருந்த காலத்தில் இரவில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள், புகையும் ஏறும். முதல் நாளே மேல்பக்கம் இறுகிப் பளபளப்பாகும். பிறகு நிறம் கறுத்து, நாடா சுருங்கி முறுக்கிக்கொள்ளும். வளைத்துப் பார்த்தால் வளையாமல் விறைப்பாக நிற்க வேண்டும். அழுத்தினால் விரலில் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. பங்குனி, சித்திரை வெயில் இதற்கென்றே அமைந்தது. ஐப்பசி அடைமழையில் முயற்சி செய்ய வேண்டாம்.

பழைய முறையில் மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி, அவ்வப்போது எடுத்து வெயில் காட்டுவார்கள். இப்போது காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. பூஞ்சை தெரிந்தாலோ வாடை மாறினாலோ முழுவதையும் எறிந்துவிடுங்கள். அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைத் தின்னக் கூடாது.

இவ்வளவு நாள் ஏன் கெடுவதில்லை?

பச்சைக்கறியில் முக்கால் பங்கு தண்ணீர். கறியைக் கெடுக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். உப்பு ஒரு பகுதியை வெளியே இழுத்துவிடுகிறது, மீதியில் பெரும்பங்கை வெயில் இழுக்கிறது. உள்ளே எஞ்சியிருக்கும் ஈரமும் உப்பில் கட்டுண்டு கிடப்பதால் நுண்ணுயிர்களுக்குப் பயன்படாது. ஒரு கிலோ கறி போட்டால் 300, 400 கிராம்தான் கைக்கு வரும். அதனால்தான் உப்புக்கண்டம் விலை கூடுதலாக இருக்கிறது.

சமைப்பது எப்படி?

வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் மிகை உப்பு இறங்கும். அம்மியிலோ இடிகல்லிலோ வைத்து ஒரு தட்டு தட்டினால் நார் விடும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வறுத்தால் பழைய சோற்றுக்கும் கம்பங்கூழுக்கும் அதை மிஞ்சியது இல்லை. கத்தரிக்காய் போட்டுக் குழம்பும் வைக்கலாம். எதில் போட்டாலும் கடைசியில் ருசி பார்த்துவிட்டு உப்பு சேருங்கள்.

மற்ற மாநிலங்களிலும் நாடுகளிலும் இது உண்டா?

கேரளத்தில் இடியிறச்சி உண்டு, காய்ந்ததை இடித்து வறுப்பார்கள். இலங்கையின் வேடர்கள் மான்கறியைத் தீயில் வாட்டிக் காயவைத்து நாட்டவருக்கு விற்றதை, அங்கே சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளிவந்த தம் நூலில் குறித்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் பில்டாங் என்ற பெயர் டச்சு மொழியில் தொடைச்சதை, நாக்கு என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது, நாக்குப்போல அரிந்த துண்டு. ஜெர்க்கி, ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியில் காய்ந்த கறியைக் குறிக்கும் சார்க்கியிலிருந்து வந்தது. உப்புக்கண்டத்தைப் பொட்டலம் கட்டி 'மட்டன் ஜெர்க்கி' என்று விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த மலை மக்கள் தங்கள் பெயரை உலகத்துக்கே கொடுத்தார்கள், நாம் நம் பெயரை நம் ஊரிலேயே விட்டுக்கொடுக்கிறோம்.

'உப்புக்கண்டம் போட்டுடுவேன்' என்று மிரட்டுவது?

கொன்று, துண்டு துண்டாக அரிந்து, உப்பு போட்டுக் காயவைத்துவிடுவேன் என்று முழு வேலையையும் ஒரே சொல்லில் சொல்லும் மிரட்டல். சந்தைச் சண்டையிலும் திரைப்பட வசனத்திலும் கேட்கலாம். கறியை மறைத்து வைத்திருந்து திருட்டுக் கொடுத்தவர், வெளியே சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தவிப்பதாக ஒரு பழமொழியும் உண்டு. 'உப்புக்கண்டம் பறிகொடுத்த' என்று தொடங்கி ஒரு சாதிப்பெயரில் முடியும். உவமை நல்லது, சாதியைக் குத்தும் அந்த வால் வேண்டாம். 'உப்புக்கண்டம் பறிகொடுத்தவர்போல' என்றாலே பொருள் முழுதாக வந்துவிடுகிறது.

'உப்பு கண்டம்' என்று பிரித்து எழுதலாமா?

சேர்த்து, ஒற்று மிகுந்து 'உப்புக்கண்டம்' என்று எழுதுங்கள். உப்பு வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னால் வல்லினம் வந்தால் மிகும். கடைப் பலகைகளில் 'உப்புகண்டம்' என்று இருக்கும். வாங்கும்போது அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, துண்டு விறைப்பாக இருக்கிறதா, கொழுப்பு ஒட்டியிருக்கிறதா என்பதை.